பைகுல்லா ராணி பாக்கின் சிலைத் தோட்டம்: பென்குவினுக்கு முன்னால் யானை

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் மும்பையில் சிற்பம் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் அவர்களைக் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அழைத்துச் சென்று கராபுரித் தீவுக்குப் படகு ஏற்றிவிடுகிறோம். குகைக் கோயிலும் அதன் மூன்று முகச் சிவனும் கட்டாயம் பார்க்க வேண்டியவையே. ஆனால் அந்தத் தீவுக்கு எலிஃபெண்டா என்ற பெயரை வாங்கித் தந்த கல் யானை இப்போது தீவில் இல்லை. பைகுல்லா கிழக்கில், டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் சாலையின் இரைச்சல் எட்டும் தொலைவில், டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அது நிற்கிறது. அந்த யானையையும், அதே வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கும் பிரிட்டிஷ் காலச் சிலைகளையும் நம்மவர்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லோரும் ராணி பாக் என்று சொல்லும் வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யானமும் இந்த அருங்காட்சியகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தோட்டம் 1862இல் விக்டோரியா கார்டன்ஸ் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அருங்காட்சியகம் பத்து ஆண்டுகள் கழித்து, 1872 மே மாதத்தில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்றிருந்த பெயர் 1975இல் மாற்றப்பட்டு, அதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் ஒருவரும் மருத்துவரும் சமஸ்கிருத அறிஞருமான பாவு தாஜி லாட் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. இங்கே வரும் கூட்டத்தில் பெரும்பகுதி உயிரியல் பூங்காவின் ஹம்போல்ட் பென்குவின்களைப் பார்க்க வருகிறது. குழந்தைகளை வைத்திருக்கும் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். சிலைகளின் பக்கம் வருபவர்கள் குறைவு என்பதால், இந்த நெரிசல் மிகுந்த நகரத்தில் ஒரு சிற்பத்தின் முன்னால் யாரும் தோளில் இடிக்காமல் அரை மணி நேரம் நிற்க முடிகிறது. மும்பையில் அது எளிதில் கிடைக்கும் வசதி இல்லை என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்.

மாட்டுங்காவிலிருந்தோ சயானிலிருந்தோ வருபவர்கள் மத்திய ரயில்வேயின் ஸ்லோ வண்டியில் பைகுல்லாவில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால், பத்து நிமிட நடையில் வாசலை அடைந்துவிடலாம். அவசரம் இல்லாவிட்டால் ரயில் நிலையத்தையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். நாட்டின் மிகப் பழைய நிலையக் கட்டடங்களில் ஒன்றான அது அண்மையில் பழைய தோற்றத்துக்கு மீட்கப்பட்டு, 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது.

முதலில் யானையிடம் போங்கள். கராபுரியின் பழைய படகுத்துறைக்கு அருகே நின்றிருந்த இதைக் கண்டுதான் போர்த்துகீசியர் தீவுக்கு யானையின் பெயரை வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியப் பயணிகள் இதை வரைந்தும் அளந்தும் வைத்திருக்கிறார்கள். அதன் முதுகில் இன்னொரு சிறு விலங்கின் உருவமும் இருந்ததாக அவர்களுடைய குறிப்புகள் சொல்கின்றன. 1814இல் தலையும் கழுத்தும் உடைந்து விழுந்தன. பிறகு உடலும் நிலைகுலைந்து சரிந்தது. 1864இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது தூக்கும் எந்திரம் பாரம் தாங்காமல் முறிந்ததாகவும், அதனால் துண்டுகள் பம்பாயிலேயே தங்கிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. அதன் பின் ஐம்பது ஆண்டுகள் அந்தத் துண்டுகள் விக்டோரியா கார்டன்ஸில் கிடந்தன. 1914இல் காடெல், ஹியூவெட் என்ற இருவர் அவற்றைப் பொருத்தி மீண்டும் நிற்க வைத்தார்கள்.

எனவே நாம் பார்ப்பது உடைந்து, பிரிந்து, மறுபடி சேர்க்கப்பட்ட ஓர் உடல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒட்டுப் போட்ட கோடுகள் உடம்பின் குறுக்கே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியே கண்ணை ஓட்டிப் பாருங்கள்: எந்த இடத்தில் பழைய உளி வேலை முடிகிறது, எந்த இடத்தில் 1914இன் பூச்சு தொடங்குகிறது என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். பழைய கல்லின் மேற்பரப்பு கடற்காற்றில் தேய்ந்து சொரசொரப்பாக இருக்கிறது. பூச்சு அப்படி இல்லை. யானையை வடித்தவன் நுணுக்கங்களில் நேரம் செலவழிக்கவில்லை. உடலின் கனத்தைத்தான் அவன் பிடித்திருக்கிறான். தோளிலிருந்து முன்னங்கால் இறங்கும் விதத்தில், நிற்கும் யானை தன் எடையை எங்கே வைத்துக்கொள்ளும் என்பதைத் தினமும் யானையைப் பார்த்துப் பழகிய ஒருவன்தான் அப்படிச் செதுக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாமல்லபுரத்தில் நகுல சகாதேவ ரதத்தின் அருகே நிற்கும் யானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த யானை கூடுதலாகப் பேசும். அங்கே பல்லவச் சிற்பி நிலத்திலேயே கிடந்த பாறையைக் குடைந்து யானையை வெளியே கொண்டுவந்தான். பின்புறம் வளைந்த தூங்கானை மாடக் கோயிலுக்குப் பக்கத்தில், அதே வளைவை யானையின் பின்னுடலிலும் காட்டிவிட்டான். இங்கே உள்ளது தக்காணத்தின் எரிமலைப் பாறை, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த குழம்பு. நிறம் கறுப்பு, கல்லின் துகள்கள் மிகச் சிறியவை. வெளிச்சத்தை அது திருப்பித் தருவதில்லை, விழுங்கிக்கொள்கிறது. அதனால் நடுப்பகலில் இந்த யானையின் உருவம் தட்டையாகத் தெரியும். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் காதும் நெற்றியும் விலாவும் தனித்தனியாக எழுந்து நிற்கும். யானைக்காகப் போகிறவர்கள் காலையில் கதவு திறந்தவுடன் போவது நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து சலவைக்கல் சிலைகள். இவை ஒரு காலத்தில் கோட்டைப் பகுதியின் நாற்சந்திகளிலும் வட்டங்களிலும் உயரமான பீடங்களில் நின்றவை. 1965இல் நகரின் பிரிட்டிஷ் சிலைகள் பல தாக்கப்பட்ட பிறகு அவற்றை அகற்றி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சென்னைக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய படை அதிகாரி நீல் துரைக்கு மவுண்ட் ரோட்டில் இருந்த சிலைக்கு எதிராக 1927இல் சத்தியாகிரகம் நடந்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே ஒரு சிலை போனது. இங்கே ஒரு கூட்டமே வந்து சேர்ந்திருக்கிறது. கார்ன்வாலிஸ், வெல்லெஸ்லி, சாண்ட்ஹர்ஸ்ட், மாண்டேகு என்று பாடப்புத்தகத்துப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. சிலவற்றுக்குத் தலை இல்லை; சிலவற்றுக்குக் கை இல்லை.

இந்தச் சிலைகளைக் கழித்துக்கட்டிய பொருள் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு சிற்பத்தை அதன் உயரமான பீடத்திலிருந்து இறக்கித் தரைக்கு அருகே வைத்தால் என்ன நடக்கும் என்பதைக் காண்பதற்கு இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை. அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செதுக்கியவற்றை இப்போது நாம் கண்மட்டத்தில் பார்க்கிறோம். கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்று சிற்பி எங்கே கையை நிறுத்தினான், தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று எங்கே தொடர்ந்து செதுக்கினான் என்பது இங்கே தெளிவாகிறது. கலை பயிலும் மாணவர்கள் இந்தத் தோட்டத்தை ஒரு வகுப்பறையாகவே பயன்படுத்தலாம். தலைபோன உருவங்களும் அதற்குக் குறைவில்லாமல் கற்றுத்தருகின்றன. முகம் இல்லாதபோது பார்வை தானாகவே அங்கியின் மடிப்புக்கும் கால் வைத்திருக்கும் நிலைக்கும் இறங்கிவிடுகிறது.

விக்டோரியா அரசியின் சிலை இதற்குச் சிறந்த சான்று. லண்டன் சிற்பி மாத்யூ நோபிள் செதுக்கிய இதைப் பரோடா மன்னர் கண்டேராவ் கெய்க்வாட் நகரத்துக்குக் கொடையாகத் தந்தார். 1872இல் இது திறக்கப்பட்டது. வேலைப்பாடு மிகுந்த ஒரு மண்டபத்தின் கீழ் அமர்ந்திருந்த அரசி இன்று மண்டபம் இல்லாமல், மூக்கு உடைந்த முகத்தோடு இருக்கிறார். முகத்தை விட்டுவிட்டு மடியில் விழும் உடையைப் பாருங்கள். கனமான துணி முழங்காலில் இழுபட்டு, பாதத்தருகே குவியும் இடத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும் தனி ஆழம் இருக்கிறது. ஓரத்து வேலைப்பாட்டில் உளியின் நுனி போன தடம்கூடத் தெரிகிறது.

இந்தச் சிலைக்கு 1896இல் யாரோ தார் பூசிச் செருப்பு மாலை போட்டார்கள். அதைச் செய்தது தாம்தான் என்று புனேயின் புரட்சியாளர் தாமோதர் சாபேகர் பின்னர் தம் வாக்குமூலத்தில் சொன்னார். சலவைக்கல்லில் ஊறிய கறையை நீக்குவது எளிதாக இல்லை. கடைசியில் வேதியியல் அறிஞர் திரிபுவன்தாஸ் கஜ்ஜர் அதை நீக்கிக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். இந்திய வேதியியலின் வரலாற்றில் ஒரு பக்கம் இந்தச் சிலையின் மேல்தான் எழுதப்பட்டது என்பதை அறிந்துகொண்டு அதன் முன்னால் நிற்பது வேறு அனுபவம்.

கார்ன்வாலிஸுக்கும் வெல்லெஸ்லிக்கும் சிலை வடித்தவர் ஜான் பேக்கன் இளையவர். இன்று ஹார்னிமன் சர்க்கிள் என்று சொல்லும் பகுதியில் இருந்த காலத்தில் கார்ன்வாலிஸின் சிலைக்கு மக்கள் பூவும் மாலையும் சாத்தி வழிபட்டார்களாம். அதை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் அறிவிப்புக் கொடுத்தும் பயனில்லை என்று பழைய பம்பாய்க் குறிப்புகள் சொல்கின்றன. இதே கார்ன்வாலிஸுக்குத் தாமஸ் பேங்க்ஸ் செய்த சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்கள் ஒரே மனிதரை இரண்டு சிற்பிகள் எப்படிக் கண்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெல்லெஸ்லியிடம் நான் அதிக நேரம் நின்றேன். அவர் கவர்னர் ஜெனரலாக இருந்த 1798 முதல் 1805 வரையிலான ஆண்டுகளில்தான் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. தஞ்சாவூரின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கர்நாடக நவாபின் நாடும் அதே ஆண்டில் பறிபோனது. தாராவியில் வாழும் தமிழர்களில் பெரும்பகுதியினரின் வேர் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. அவர்கள் ஊர்ப் பாளையங்களைத் தரைமட்டமாக்கிய ஆட்சியின் தலைவர், அவர்கள் வீட்டிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளி, ஒரு தோட்டத்தில் இருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லித் தர இதைவிட நேரான வழி மும்பையில் எனக்குத் தெரியவில்லை.

வளாகத்தில் இருக்கும் வெண்கலச் சிலைகளில் பேர்பெற்றது காலா கோடா, அதாவது கறுப்புக் குதிரை. இளவரசராக இருந்தபோது 1875இல் இந்தியா வந்த ஏழாம் எட்வர்டு குதிரைமேல் அமர்ந்திருக்கும் இந்தச் சிலையை ஜோசப் எட்கர் போம் செய்தார், ஆல்பர்ட் சஸூன் கொடையளித்தார், 1879இல் திறக்கப்பட்டது. சிலை 1965இல் இடம்பெயர்ந்தாலும் காலா கோடா என்ற பெயர் அது முன்பு நின்ற பகுதியிலேயே தங்கிவிட்டது. அங்கே 2017இல் வைக்கப்பட்ட புதிய குதிரையின் மேல் ஆள் கிடையாது. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த என் மாமனாரை உடன் அழைத்துப் போயிருந்தேன். சிலையைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் வந்தவர், “மாப்பிள்ளை, சின்ன வயதில் இதைச் சுற்றி எப்போதும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், நின்று பார்க்க முடியாது. இந்தக் குதிரையின் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். அதன் பிறகு அவர் மறுபடியும் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

சலவைக்கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சலவைக்கல் அடிப்படையில் சுண்ணாம்புப் பொருள். மழைநீரில் கலந்திருக்கும் அமிலம் அதை மெதுவாகக் கரைக்கும். காற்றிலுள்ள கந்தகம் பட்டால் மேற்பரப்பு ஜிப்சமாக மாறி, புகைத்தூளைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகப் படியும். மழை நேராக அடிக்கும் தோளும் தலையும் சர்க்கரைக் கட்டி போலச் சொரசொரத்துப் போக, மழை படாத அக்குளிலும் மடிப்பின் உள்ளேயும் கறுப்பு தங்கிவிடுவது இதனால்தான். மும்பையின் நான்கு மாத மழைக்கு முன்னால் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் புகழ்பெற்ற இந்தக் கல் தோற்றுக்கொண்டிருக்கிறது. சில அடி தள்ளி நிற்கும் உள்ளூர்க் கறும்பாறை யானை அதே மழையைச் சலனமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. கைபட்டாலும் சலவைக்கல் கெடும். விரலின் எண்ணெயும் வியர்வையும் அதில் ஊறும். குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். சிலையின் மடியில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

அருங்காட்சியகத்தின் உட்புறம் தனியாக எழுதத் தக்கது என்பதால் இங்கே விரிக்கவில்லை. பச்சையும் பொன்னும் மின்னும் அந்த மண்டபம் சில ஆண்டுகள் நடந்த புதுப்பிப்புப் பணிக்காக 2005இல் யுனெஸ்கோவின் உயர்விருதைப் பெற்றது. பம்பாய் மக்களின் தொழில்களையும் உடைகளையும் காட்டும் களிமண் பொம்மைகளைக் குழந்தைகள் விரும்புவார்கள். தோட்டத்தைப் பார்த்த கையோடு உள்ளே போவதே சரியான வரிசை. முதலில் உள்ளே போய்விட்டால் கண் களைத்துப்போய், வெளியே இருக்கும் கற்களுக்குப் பொறுமை மிஞ்சாது. வாசலருகே இருக்கும் டேவிட் சஸூன் மணிக்கூண்டைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை அருங்காட்சியகத்துக்கும் உயிரியல் பூங்காவுக்கும் விடுமுறை. மற்ற நாட்களில் அருங்காட்சியகம் காலை 10 மணிக்குத் திறக்கும். ஞாயிறு பிற்பகலையும் பள்ளி விடுமுறை நாட்களையும் விட்டுவிடுங்கள். வார நாளின் காலை மிகச் சிறந்தது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கல்லில் பட்டு எதிரடிக்கும் என்பதால் வயதானவர்களை நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் அழைத்துப் போவது நல்லது. மழைக்காலத்தில் தரை வழுக்கும். ஆனால் நனைந்த யானையின் கறுப்பு வேறெந்த மாதத்திலும் கிடைக்காது; குடையோடு போகத் துணிந்தவர்களுக்கு ஜூலையும் நல்ல மாதமே. கட்டணம் இரண்டு இடங்களுக்கும் தனித்தனி, இரண்டுமே கைக்கு அடக்கமானவை. சிலைகளை மட்டும் கவனமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும்.

சுற்றுலா வண்டியில் குழுவாக வருபவர்கள் ஓட்டுநரிடம் நேரத்தை முதலிலேயே பேசிவையுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் சித்தியின் குழுவை ஒரு வண்டிக்காரர் பென்குவின் கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டு, “அந்தப் பக்கம் உடைந்த சிலைகள்தான் இருக்கின்றன, பார்க்க ஒன்றுமில்லை” என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார். சித்திக்கு யானை அங்கே இருப்பதே ஊருக்குத் திரும்பி நான் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அது உண்மையான வருத்தம். ஐந்து ரதங்களைப் பற்றி எங்களுக்கெல்லாம் சிறுவயதில் கதை சொன்னவர் அவர்.

கராபுரியையும் இதையும் இணைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் தீவுக்கு முதலில் போங்கள். குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கேட்வேயிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். மலையைக் குடைந்து தூண்களையும் சிவனின் பேருருவங்களையும் உண்டாக்கிய அந்தக் கைகளின் அளவை மனத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் காலையில் பைகுல்லாவுக்கு வாருங்கள். தீவைப் பார்க்காதவர்களுக்கு இது ஒரு பழைய கல் யானையாக மட்டும் தெரியலாம். பார்த்துவிட்டு வருபவர்கள் அந்தக் கல்லின் நிறத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இரண்டு நாள் ஒதுக்க முடியாமல் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் தீவையே தேர்ந்தெடுங்கள். மும்பையிலேயே குடியிருப்பவர்களுக்கு அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.